ஐந்து மணிக் கப்பல்

கப்பலில் யாராவது இறந்துபோனால் கரையில் முதல் போன் எனக்குத்தான் வரும். கப்பல் அப்போது இன்னும் கடலில்தான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். காலை ஆறரை மணி. ரொட்டித் துண்டில் தக்காளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜாரன் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு இருக்கு."

ஒன்று என்றால் பிணம். நோயாளியாக இருந்தால் பேரைச் சொல்லுவான். பன்னிரண்டு வருடமாக எங்கள் ஆபீஸ் வேனை ஓட்டுகிறவன். அவன் பேச்சு எனக்குப் பழகிவிட்டது.

"ஆம்பளையா பொம்பளையா?"

"ஆம்பள. எழுபத்தாறு வயசு. இத்தாலிக்காரர், ட்ரியெஸ்தே ஊரு. விடியறதுக்குள்ள நெஞ்சடைப்பு. பொண்டாட்டின்னு ஒருத்தங்க கூட இருக்காங்க."

"சரி, வரேன்."

"முழுசாக் கேளு. பொண்டாட்டி ட்ரியெஸ்தேல இருக்காங்க. கப்பல்ல கூட இருக்கறது வேற ஆளு." சிரித்தான். "எழுபத்தாறு வயசுல கிழவனுக்குக் கொழுப்பப் பாத்தியா?"

நான் சிரிக்கவில்லை. ரொட்டியை மூடிவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

தென்கிழக்குக் காற்று மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று வந்தால் எங்கள் தீவின் துறைமுக ஊரான வாலெட்டாவில் கல்லே வியர்க்கும். மாடிப்படி வழுக்கும், துவைத்த துணி காயாமல் நாறும், நல்ல மனுஷர்கள்கூட வாசலில் நின்று சண்டை போடுவார்கள். கோட்டைச் சுவர்களின் மஞ்சள் நிறம் போய், ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அந்தச் சாம்பல் நிற மூட்டத்துக்குள்ளிருந்து கப்பல் மெதுவாகத் துறைமுகத்துக்குள் வந்தது. பதினாலு மாடி. அது உள்ளே வந்து நின்றதும் கரையோரத் தெரு முழுக்க இருட்டிக்கொண்டது.

இந்தக் கப்பல்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவை யாருக்காகவும் நிற்காது. காலையில் மூவாயிரம் பேரை இறக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். நடுவில் ஒருவர் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார், ஒருவருக்கு வாய் கோணிக்கொள்ளும், ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்க மாட்டார். அப்படி மிஞ்சிப் போகிறவர்கள்தான் என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பேன், போலீசுக்கு மொழிபெயர்ப்பேன், தூர தேசத்து மகன்களுக்குப் போன் செய்வேன். துறைமுகத்தில் எனக்கு 'சாவு சல்வீனா' என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

முன்பக்கப் பாலத்தில் பாட்டுப் போட்டு, தொப்பியும் கேமராவுமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் கதவு வழியாக, காய்கறிப் பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகு, இறந்துபோன ஒரெஸ்தேயை இறக்கினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். கப்பல் டாக்டரின் காகிதம், ஆஸ்பத்திரி வண்டி, கையெழுத்து. ஒன்பதரைக்குள் வண்டி போய்விட்டது. நான் மேலே போனேன்.

டாக்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, முழங்காலில் நிமிர்த்தி வைத்த கைப்பை. பாங்கியில் தன் எண்ணைக் கூப்பிடக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். என் பேரையும் வேலையையும் இத்தாலிய மொழியில் சொன்னேன். எங்கள் ஊரில் டிவி பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட தலைமுறை நான்.

"நீவெஸ்," என்றாள் அவள். பிறகு, 'அம்மா' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'சிஞ்ஞோரா'வைச் சேர்த்து, "காலையிலேருந்து என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு இவங்களுக்குத் தெரியல, சிஞ்ஞோரா. 'இவங்க, இவங்க'ங்கறாங்க. நேத்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் நான் அவரோட சம்சாரம்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"அவர எங்க கொண்டுபோனாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. மார்ச்சுவரில இருப்பார்."

"கால்ல ஒண்ணும் போடாம கொண்டுபோயிட்டாங்க." கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி. "நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாங்க. அவருக்குக் கால் எப்பவும் சில்லிட்டுப் போகும். ஆகஸ்ட் மாசத்துலகூட."

அதற்கப்புறம் கேட்காமலே அவளாகச் சொன்னாள், பாதி எனக்கும் பாதி சுவருக்குமாக. அவள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவள். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவள் வீட்டு லிஃப்ட் நாலு நாள் ஓடாமல் நின்றபோது வந்தார். பத்தொன்பது வருடம். ஊரில் அவர்கள் சேர்ந்து தெருவில் நடந்ததே கிடையாது. வருடத்தில் எட்டு நாள், அக்டோபரில், கப்பல். இதே துறைமுகத்துக்குப் பதினொரு தடவை வந்திருக்கிறார்கள்; ஒரு தடவைகூட இறங்கியதில்லை. கப்பலில் எப்படியும் ட்ரியெஸ்தே ஆட்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். கரையில் யாராவது போட்டோ எடுத்துவிட்டால்?

"இந்தத் தடவ அவரே சொன்னார். நமக்கு வயசாயிடுச்சு நீவெஸ், இனிமே நம்மள யாரு பாக்கப் போறாங்க, வாலெட்டால இறங்கி வெளிய நாற்காலி போட்டிருக்கிற கடையில காப்பி குடிப்போம்னு. நேத்தே சட்டைய எடுத்து நாற்காலில போட்டு வச்சிருந்தார்."

அப்போது என் போன் அடித்தது. இத்தாலி எண். நான் வெளியே நடைக்கு வந்து எடுத்தேன்.

"நான் எர்மினியா. ஒரெஸ்தேயோட மனைவி." குரல் தெளிவாக இருந்தது. அழுத குரல் இல்லை. "அவரு உங்ககிட்டதான் இருக்கார்னு சொன்னாங்க."

ஆமாம் என்றேன். வருத்தம் தெரிவித்தேன். காகித விவரங்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொம்பள அங்க இருக்காளா?"

நான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றுல குளிக்கப் போறேன்னு வருஷா வருஷம் கிளம்புவார். எட்டு நாள் கழிச்சு மூக்கு கறுத்துத் திரும்பி வருவார். வெந்நீர்ல குளிச்சா யாருக்காவது மூக்கு கறுக்குமா?" பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நான் நாளை மறுநாள்தான் வர முடியும். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ அவரப் பாக்கக் கூடாது. மத்ததெல்லாம் சட்டப்படி எப்படியோ அப்படிச் செய்யுங்க. இத மட்டும் எனக்காகச் செய்யுங்க."

"சரிம்மா," என்றேன்.

கஷ்டப்பட்டுச் சொன்ன 'சரி' இல்லை அது. என் வாய் தானாகச் சொன்னது. ஏனென்றால் அந்தப் பக்கம் நான் நின்றிருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் கணவர் சில்வியு இதே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வார்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஜெம்மா. சில்வியு மாவு இறக்கப் போகும் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள். அவர்களுக்குள் இருந்தது நாலு வருடமாக எனக்குத் தெரியும். தெரியும் என்று அவருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நர்ஸ் என்னிடம், "இவங்க யாரு?" என்று கேட்டாள். "யாருமில்ல," என்றேன். ஜெம்மாவின் காதில் விழும்படிதான் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. கீழே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள். வார்டு ஜன்னலிலிருந்து அவள் தலை தெரியும். சில்வியு போன அன்று சாயங்காலம் பார்த்தேன், நிறுத்தம் காலியாக இருந்தது. யார் சொன்னார்களோ. வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். கோபத்தைச் சொல்லியிருக்கிறேன், பொய்யைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. பாவம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பி அறைக்குள் போனபோது நீவெஸ் எழுந்து நின்றிருந்தாள்.

"அவங்கதானே?"

"ஆமா."

"என்னப் பாக்க விட வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க." நான் தரையைப் பார்த்தேன். "தப்பில்ல. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்." காலுறைச் சுருளை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே போட்டுடுங்க. தையல் வெளிப்பக்கம் இருக்கணும், இல்லன்னா விரல்ல உரசும்னு கத்துவார்."

கம்பளி லேசாகச் சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் அதை வைத்துக்கொண்டு நான் ஒரு நிமிடம் நின்றேன். மேலே கோட்டையில் தினம் போடும் பன்னிரண்டு மணிப் பீரங்கி வெடித்தது. கப்பலின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"வாங்க," என்றேன்.

"எங்க?"

"நீங்களே போட்டுவிடுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். இரக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கெஞ்சியிருந்தால் நிச்சயம் கூட்டிப்போயிருக்க மாட்டேன்.

வேனில் ஜாரன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தான். "அக்கா, அந்தம்மா ஊர்லேருந்து சொல்லியிருக்காங்கன்னு ஆபீஸ்ல..." என்று எங்கள் மொழியில் ஆரம்பித்தான்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

மார்ச்சுவரிக் காவலர் என்னை நெடுநாளாக அறிந்தவர். நோட்டைத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார். "இவங்க யாரு? உறவு எழுதணும் சல்வீனா."

நீவெஸுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் கேள்வி என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து கேட்கப்படுகிற கேள்விதானே. அவள் முகத்தைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

"தங்கச்சி," என்றேன். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

உள்ளே அவள் அழவில்லை. துணியைக் கால் பக்கம் மட்டும் விலக்கச் சொன்னாள். இரண்டு பாதங்களையும் கைகளுக்குள் வைத்து, குளிர்காலத்தில் வெளியிலிருந்து வந்தவரின் காலைத் தேய்ப்பது போலக் கொஞ்ச நேரம் தேய்த்தாள். சூடு வராது என்று அவளுக்குத் தெரியும், கைதான் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு காலுறையாக, தையலைச் சரிபார்த்து, குதிகாலை இழுத்துவிட்டுப் போட்டாள். முகத்தின் பக்கம் போகவில்லை. போகலாமே என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "முகம் அவங்க பாக்கட்டும்," என்றாள். கால் மாட்டிலேயே நின்று ஏதோ சொன்னாள். ட்ரியெஸ்தே வட்டார வழக்கு, எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. மளிகைக் கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற தொனி. கால் மணி நேரம் கழித்து அவளாகவே வெளியே வந்தாள்.

மணி இரண்டாகியிருந்தது. அவளுக்கு இரண்டு வழி இருந்தது. இங்கேயே இறங்கிக்கொண்டால் நாளைக்கு விமானத்தில் ஏற்றிவிடுவோம். இல்லையென்றால் நாலரைக்குள் கப்பலில் ஏறி, இன்னும் நாலு நாள் கடலில் போய் ட்ரியெஸ்தேயில் இறங்க வேண்டும். விமானத்தில் போங்கள் என்றுதான் நான் சொன்னேன். அந்த அறையில் தனியாக நாலு நாள் எப்படி இருப்பீர்கள் என்றேன்.

"அங்கதான் இருக்கணும் சிஞ்ஞோரா," என்றாள். "எங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருந்துதுன்னா அதுதான். வேற எங்க போய் நான் துக்கம் கொண்டாடறது? ஊர்ல கறுப்பு கட்டினா யாருக்குன்னு கேப்பாங்க."

ஜாரன் எங்களை ஊருக்குள் இறக்கிவிட்டான். வெளியே நாற்காலி போட்ட கடை என்று நான்தான் தேடிப்போனேன். நாற்காலிகள் ஈரமாக இருந்தன. பரிசாரகர் துணியால் துடைத்துவிட்டார். காப்பி வந்தது. நீவெஸ் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஆட்கள் போனார்கள், கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால், கல்கோட்டையையும் கோயில்களையும் அவசரமாகப் பார்த்து முடித்துவிட்டு. அவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"அடடே, நீவெஸ்!" ஒரு தம்பதி நின்றார்கள். இத்தாலிக்காரர்கள், கப்பலில் சாப்பாட்டு மேஜையில் கூட உட்காருகிறவர்கள் போலிருக்கிறது. அந்த அம்மாள் கையில் பொட்டலம், வாயில் எங்கள் ஊர் பஸ்திட்சிப் பலகாரத்தின் துகள். "கடைசில இறங்கிட்டீங்களா! உங்க வீட்டுக்காரர் எங்க?"

நீவெஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைப் பழக்கமில்லாமல் சிரிக்க முடியாது.

"ரூம்ல படுத்திருக்கார். அவருக்கு இந்த வெயில் ஒத்துக்காது."

வெயிலே இல்லை. ஊர் முழுக்க மேகம் தலைமேல் உட்கார்ந்திருந்தது. "பாவம், பாவம், ராத்திரி பாப்போம்," என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். போகிறவரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைக்கலாமா என்று நினைத்தேன், வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போலாம்," என்றாள்.

அவளோடு கப்பலுக்குப் போய், அறையிலிருந்து ஒரெஸ்தேயின் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். எல்லாச் சாமானும் அவர் மனைவிக்குப் போக வேண்டியவை. பட்டியல் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். நாற்காலியில் கிடந்த சட்டையையும் அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஐந்து மணிக்குக் கயிறுகளை அவிழ்த்தார்கள். மேல்தளத்தில் பாட்டுக் கேட்டது. கம்பி ஓரமாக நின்ற கூட்டத்தில் அவளைத் தேடினேன். இல்லை.

அடுத்த நாள் முழுக்க மழை. அதற்கு மறுநாள் எர்மினியா வந்தாள். விமான நிலையத்தில் பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது, குள்ளமாக, கனத்த பூட்ஸும் தடித்த கோட்டுமாக, நேராக என்னிடம் வந்து கை கொடுத்தாள். பிள்ளைகள் இல்லை. கூட வர யாருமில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து, நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவள் பேருக்கு இரண்டு வரி மேலே, நீவெஸ் பேருக்கு நேரே 'தங்கச்சி' என்று என் எழுத்து இருந்தது. அதை விரலால் தொட்டாள்.

வேனில் ஏறிய பிறகுதான் கேட்டாள். "பாத்தாளா?"

இல்லை என்று சொல்ல இரண்டு நாளாக என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். "பாத்தாங்க," என்றேன்.

ஜாரன் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டான்.

"நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி. கால்ல காலுறை போட்டுவிட்டாங்க. வேற ஒண்ணும் பண்ணல. முகத்தப் பாக்கல."

எர்மினியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு, "சில்லிட்டுப் போகும் அவருக்கு," என்றாள், யாருக்கும் இல்லாமல். அப்புறம், "கப்பல் நின்ன இடத்தக் காட்டுங்க."

"அது போயிடுச்சும்மா. இன்னைக்கு வேற கப்பல் நிக்குது."

"பரவால்ல."

கப்பல் துறையில் அதே இடத்தில், அதே உயரத்தில் இன்னொரு வெள்ளைக் கப்பல் நின்றது. மணி நாலே கால். ஆட்கள் பைகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எர்மினியா தலையைப் பின்னால் சாய்த்து, வரிசை வரிசையாக இருந்த பால்கனிகளைக் கீழேயிருந்து மேலேவரை பார்த்தாள். ஒரு பால்கனியில் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

"நீங்க அந்த ரூம பாத்தீங்களா?"

"பெட்டிய எடுக்கப் போனேன்."

"எவ்வளவு பெருசு?"

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. ஈரக் கல்தரையில் நடந்து காட்டினேன். இந்தப் பக்கம் நாலு எட்டு. அந்தப் பக்கம் மூணு. இங்கே கதவு. இங்கே கட்டில். நாற்காலி ஒன்று, இந்த மூலையில். அவள் என் பின்னாலேயே அதே எட்டுகளை வைத்து நடந்தாள். அவள் கணக்கில் ஐந்து எட்டு வந்தது. நடுவில் வந்து நின்றாள்.

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"ஜன்னல் கிடையாதும்மா. அது உள்பக்கத்து அறை. விலை குறைச்சல். விளக்க அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாது."

"ஜன்னலே கிடையாதா?"

"கிடையாது."

அவள் மறுபடி அந்தப் பால்கனிகளைப் பார்த்தாள். "பத்தொன்பது வருஷமா," என்றாள், "ரெண்டு பேரும் அங்க நின்னு கடலப் பாக்கறாங்கன்னுதான் நான்..."

போகலாமா என்று நான் கேட்டது அவள் காதில் விழவில்லை. கட்டில் என்று நான் காட்டிய இடத்தை ஒட்டிக் கைப்பையைத் தரையில் வைத்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். நேரமாகிவிட்டதென்று கப்பல் ஆட்கள் வேகமாக வந்தார்கள். சிலர் அவளைச் சுற்றிப் போனார்கள், சிலர் குறுக்கே போனார்கள். ஒரு பெண் கைப்பைமேல் இடறி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள். மேலே சங்கு ஊதியது. நாங்கள் நடந்து அளந்த அந்த நாலுக்கு மூன்று அறைக்குள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கோட்டோடு, அதை எங்கே மாட்டுவதென்று பார்ப்பவள் போல எர்மினியா நின்றுகொண்டிருந்தாள்.